வயரில் காற்று போகுமா?

எங்கள் காரின் டேஷ்போர்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியத் தொடங்கியதும் என் மனைவி மேற்கொண்ட முதல் பழுதுபார்ப்பு, அதன் மேல் ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டியதுதான். பொட்டு வைத்த பிறகு வண்டி முன்பைவிட அமைதியாக ஓடுகிறது என்றும் அவள் சான்றளித்தாள். மாமாவோ, தாம் ஓட்டிய அம்பாசடரில் இப்படி ஒரு விளக்கே கிடையாது என்றும், விளக்கு இல்லாததால் அந்த வண்டிக்கு நோயும் வந்ததில்லை என்றும் சொன்னார். அந்த நோயற்ற அம்பாசடரைத் தாம்பரம் மேம்பாலத்தில் தள்ளிய கைகளில் என் கைகளும் உண்டு என்பதை, மாப்பிள்ளை என்ற முறையில் நான் நினைவூட்டவில்லை.

சர்வீஸ் சென்டரில் காட்டியபோது, ஆக்சிஜன் சென்சார் இரண்டையும் மாற்ற வேண்டும், கையோடு புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் மாற்றிவிடுவது நல்லது என்று சொல்லி ஒரு தொகையைக் குறித்துக் கொடுத்தார்கள். கன்வெர்ட்டர் சரியில்லை என்றால் எஞ்சின் கம்ப்யூட்டர் வழக்கமாகக் காட்டும் கோட், அதாவது பழுதுக் குறியீடு, பி0420. என்னிடமிருந்த சின்ன புளூடூத் ஸ்கேனர் காட்டியதோ பி0135, பி0141 என்ற இரண்டு மட்டுமே; இரண்டும் சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரைப் பற்றியவை. இரண்டு ஹீட்டரும் ஒரே சமயத்தில் படுத்துக்கொண்டால் முதலில் ஃபியூஸைப் பார்க்க வேண்டும் என்பதால் அதைப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. பிறகு மல்டிமீட்டரை வைத்துப் பார்த்ததில், முன் சென்சாரின் ஹீட்டர் உள்ளுக்குள்ளேயே அறுந்திருந்தது. பின் சென்சாரின் வயரை எலி கடித்துத் துண்டாக்கியிருந்தது. பிள்ளையாரின் வாகனம் என்பதால் எலிக்கு மருந்து வைக்கக் கூடாது என்பது அம்மாவின் நிலைப்பாடு. அந்த வாகனம் என் வாகனத்தைத் தின்பது பற்றி அவரிடம் கருத்து எதுவும் இல்லை.

கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் சென்சார்தான் உழைப்பாளி. புகையில் மிஞ்சியிருக்கும் ஆக்சிஜனை முகர்ந்து, 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஏறி இறங்கி அது சொல்லும் சேதியைக் கேட்டுத்தான், ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கை எஞ்சின் கம்ப்யூட்டர் காப்பாற்றி வருகிறது. சுமார் 300 டிகிரி சூடு ஏறினால்தான் அது வாயைத் திறக்கும் என்பதற்காகவே உள்ளே ஹீட்டர். பின்னால் இருக்கும் சென்சாரின் முக்கிய வேலை, கன்வெர்ட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று கண்காணித்துப் புகார் சொல்வது. வேலை நடக்கும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி பிளாஸ்டிக் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் எங்கள் மாமாவைப் போல.

ஞாயிற்றுக்கிழமை காலை அந்த நாற்காலியிலிருந்துதான் முதல் ஆட்சேபம் எழுந்தது. எலி கடித்த வயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால் தீர்ந்துபோகும் காரியத்துக்கு, கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோடு வரை போய்ப் புது சென்சார் வாங்கி வந்திருக்கிறேனே என்று அவர் வருந்தினார். இந்த வகை சென்சார் புகையையும் வெளிக்காற்றையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கணக்குச் சொல்கிறது, அந்த வெளிக்காற்று பல சென்சார்களில் வயரின் மெல்லிய இழைகளுக்கு இடையே உள்ள இடுக்கு வழியாகத்தான் உள்ளே போகிறது, ஆகவே கண்டபடி ஈயம் வைத்துப் பற்றவைத்தால் மூச்சு அடைத்துவிடும் என்று நான் விளக்கினேன். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மாப்பிள்ளை, வயரில் கரன்ட் போகும். காற்று எப்படிப் போகும்?" என்று கேட்டார். மின்வாரியத்தில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவரிடம், வயரில் காற்று போகும் என்று வாதாட வேண்டிய நிலைமை எந்த மருமகனுக்கும் வரக் கூடாது. உள்ளிருந்து என் மனைவி, "அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று தீர்ப்பையும் வழங்கிவிட்டாள்.

லட்சம் கிலோமீட்டர் சூட்டில் வெந்த முன் சென்சாரின் மரை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. எஞ்சினைச் சற்று நேரம் ஓடவிட்டு, இளஞ்சூட்டில் துரு நீக்கும் ஸ்பிரேயை அடித்து, வயர் நுழைய ஒரு பக்கம் வெட்டுவிட்ட 22 மி.மீ. சாக்கெட்டை மாட்டி அழுத்தினேன். தேங்காய் எண்ணெய் விடு, மண்ணெண்ணெய் விடு, வெந்நீர் ஊற்று என்று சிகிச்சைகள் வரிசையாக வந்தன. மாமா அன்போடு பிடித்த டார்ச், அவர் பார்க்க விரும்பிய இடங்களில் மட்டுமே வெளிச்சம் காட்டியது. கடைசியில் அது "படார்" என்று விடுபட்டபோது என் விரல் முட்டி மேலிருந்த தகட்டில் போய் மோதியது. அதற்கு மட்டும் தேங்காய் எண்ணெய் உதவியது.

புது சென்சாரின் மரையில் தயாரிப்பாளரே தடவி அனுப்பியிருந்த சாம்பல் நிறப் பசையை அழுக்கு என்று கருதி, மாமா அதை வேட்டி நுனியால் துடைக்கத் தொடங்கியிருந்தார். அடுத்த முறை கழற்றும்போது மரை இறுகிப் பிடிக்காமல் இருப்பதற்கான பசை அது என்று சொல்லிப் பிடுங்கிக்கொண்டேன். பின் சென்சார் வண்டிக்கு அடியில் எதிர்ப்பே காட்டாமல் கழன்று வந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஸ்கேனரில் பழுதுக் குறியீடுகளை அழித்து வண்டியைக் கிளப்பியதும், போன் திரையில் முன் சென்சாரின் வோல்ட் கோடு மேலும் கீழும் துள்ளியது. மாமா அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் காபி குடிக்கப் போனார்.

மாலையில் எதிர்வீட்டுத் தலைமையாசிரியரின் வாசலில் மாமாவின் குரல் கேட்டது. "வயருக்குள்ளே காற்று போகிறது சார், நிறைய பேருக்கு இது தெரியாது" என்று தொடங்கி, பசையைத் துடைக்கக் கூடாது என்பதுவரை அவர் பாடம் நடத்தி முடித்ததும், தம் காரிலும் அதே மஞ்சள் விளக்கு எரிவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிறு மாப்பிள்ளையும் தாமும் வந்து மாற்றித் தருவதாக மாமா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அது டீசல் வண்டி, அதன் சங்கதியே வேறு என்றேன்.

"டீசலானால் என்ன மாப்பிள்ளை, காற்று ஒன்றுதானே!" என்றார்.