வார்னிங்குக்கு சீரோ போட்டா போதுமா

2017ல மதுரை கே.கே.நகர்ல ஒரு சின்ன கம்பெனில எடை மெஷினுக்கு சி மொழில ஃபர்ம்வேர், அதாவது மெஷினுக்குள்ளயே ஓடுற ப்ரோக்ராம், எழுதிட்டு இருந்தேன். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு கொடுத்த மெஷின் ஒண்ணு திரும்பி வந்துச்சு, கூடைய வச்சு, அதோட எடைய கழிக்கிற டேர் பட்டன அமுக்கிட்டு மல்லிய கொட்டுனா சில நேரம் எடை கன்னாபின்னான்னு காட்டுதாம். "தம்பி, முகூர்த்த நாள்ல நூறு கிராம் தப்புனாலே சண்டை வந்துரும்"னார் கடைக்காரர்.

எங்க டேபிள்ல, கம்பைலர் (கோட மெஷின் மொழிக்கு மாத்துற ப்ரோக்ராம், எங்களது ஜிசிசி) ஆப்டிமைஸ் பண்ணாம மாத்துற ஓ0 பில்டுல எல்லாம் சரியா ஓடுது, வேகத்துக்காக ஆப்டிமைஸ் பண்ற ஓ2ல மட்டும் தப்பு. பில்டு எப்படி பண்ணணும்னு எழுதி வைக்கிற மேக்ஃபைல்ல யாரோ சின்ன டபிள்யூ (-w) போட்டு கம்பைலர் சொல்ற எல்லா வார்னிங்கையும் அடைச்சு வச்சிருந்தாங்க, அத எடுத்துட்டு வார்னிங்க காட்டச் சொல்ற டபிள்யூ-ஆல் (-Wall) போட்டதும் கூடை எடைய வைக்கிற வேரியபிள் மேலயே "மேபி அன்இனிஷியலைஸ்டு"ன்னு, அதாவது இதுல வேல்யூவே ஏறாம இருக்கலாம்னு, வந்து நிக்குது. கூடை ஆடாம நின்னாதான் இஃப்-க்குள்ள போயி வேல்யூ ஏறும், ஆடுனா எதுவுமே ஏறாது, அப்ப என்ன செய்யணும்னு சொல்ற எல்ஸ் கிடையாது. ஓ0ல மெமரில ஸ்டாக்குங்கற பகுதில அதே இடத்துல போன கூடையோட எடை அப்படியே கெடந்திருக்கு, கூடையெல்லாம் ஏறக்குறைய ஒரே சைஸ், அதனால யாருக்கும் தெரியல. ஓ2ல அந்த வேரியபிள் சிப்புக்குள்ள இருக்கிற ரெஜிஸ்டருக்கு போயிருச்சு, அங்க என்ன கெடந்துச்சோ அதான் எடை. இந்த வார்னிங்கே ஜிசிசி ஆப்டிமைஸ் பண்றப்ப செய்ற அலசல்ல இருந்துதான் வருது, வெறும் ஓ0ல பில்டு பண்ணிட்டு இருந்தா கண்ணுல படாது.

சீனியர் அண்ணன் "சீரோ போட்டு விடுப்பா, போயிரும்"னார். வார்னிங் போயிரும்தான், ஆனா சீரோன்னா கூடைக்கு எடையே இல்லன்னு அர்த்தம், வாங்குறவங்க கூடைக்கும் மல்லி வெல கொடுக்கணும். "அண்ணே, கூடை ஆடுனா என்ன செய்யணும்னு நாம யோசிக்கவே இல்லண்ணே, அதத்தான் இது கேக்குது"ன்னேன். கொஞ்ச நேரம் ஸ்க்ரீன பாத்துட்டு, "சரி, திரும்ப அமுக்கச் சொல்லி டிஸ்ப்ளேல காட்டிரு"ன்னார்.

பொய் வார்னிங்கும் வரும், இல்லங்கல. 2020ல லினக்ஸ உருவாக்குன லினஸ் டோர்வால்ட்ஸே லினக்ஸ் கர்னலோட சாதாரண பில்டுல இந்த மேபி வார்னிங்க ஆஃப் பண்ணிட்டார். ஆனா பாத்துப் பாத்து அலுத்து ஆஃப் பண்றது வேற, பாக்காமலே வாயடைக்கிறது வேற.

அப்புறமும் எடை லேசா தள்ளாடுச்சு. சென்சார் சிக்னல எண்ணா மாத்துற ஏடிசி செட்டில் ஆகட்டும்னு கொஞ்சம் காத்திருக்க ஒரு டிலே ஃபங்க்ஷன், உள்ள எதுவும் செய்யாம சும்மா சுத்துற ஃபார் லூப். அதனால ஒரு பலனும் இல்லன்னு ஓ2ல கம்பைலர் அந்த ஃபங்க்ஷன கூப்பிடுறதையே தூக்கிருச்சு, இதுக்கு ஒரு வார்னிங்கும் கிடையாது. கம்பைல் ஆனத பிரிச்சுக் காட்டுற ஆப்ஜ்டம்ப் போட்டு அசெம்ப்ளிய வரி வரியா தேடுனப்பதான் அது அங்க இல்லவே இல்லன்னு தெரிஞ்சுச்சு. தூக்காதன்னு கம்பைலருக்கு சொல்ற வாலடைல் போட்டா லூப் போகாம இருக்கும், ஆனா சிப்போட க்ளாக் வேகம் மாறுனா நேரமும் மாறிரும், அதனால டைமர் வச்சே எழுதுனோம்.

மெஷின திருப்பிக் கொடுக்க விடியக்காலைல நானே போனேன். கடைக்காரர் வேணும்னே கூடைய ஆட்டி ஆட்டி பட்டன அமுக்கிப் பாத்தார்.