புளோயர் திணறினால் உடனே ஸ்குருவைத் திருகாதீர்கள்

கானாடுகாத்தான் பக்கம் பெரிய வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காக எழுதுகிறேன். வேப்பஞ்சருகு ஊதும் பெட்ரோல் புளோயர் ஐடிலில் ஓடுகிறது, ஆக்சிலேட்டர் கொடுத்தால் அணைகிறதா? முதலில் ஏர் ஃபில்டரையும் டேங்குக்குள் கிடக்கும் ஃபியூயல் ஃபில்டரையும் பாருங்கள். நம்மூர்ப் புழுதிக்குப் பாதி நோய் அங்கேதான்.

அப்புறமும் திணறினால் இன்ஜினைச் சூடேற்றிவிட்டு, கார்புரேட்டரில் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம்) குறைந்த வேகத்துக்கான எல் ஸ்குருவை இடப்பக்கம் துளித்துளியாகத் திருப்புங்கள்; பெட்ரோல் கூடும். முழு வேகத்துக்கான எச் ஸ்குருவை மட்டும், வேகம் ஏறுகிறதே என்று வலப்பக்கம் இறுக்கிக்கொண்டே போகாதீர்கள். இறுக்க இறுக்கப் பெட்ரோல் குறையும்; இந்த டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலும் பெட்ரோலோடு கலந்துதான் போகிறது. அது குறைந்தால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துவிடும். நல்ல மெஷின் இப்படிப் போவதைப் பார்த்தால் மனசு ஆறாது.

மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் டேங்கைக் காலி செய்து, தானாக அணையும்வரை ஓடவிட்டு வையுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரம் இழுக்கும், கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாஃப்ரமும் விறைத்துப்போகும்.