மாடியறையில் வில்லுப்பாட்டு

அக்டோபர் 9

வில்லுப்பாட்டில் தலைமை ஏற்றுப் பாடும் புலவர் எங்கள் மாடியறைத் தொடரில் பாடச் சம்மதித்துவிட்டார். நவம்பர் 15, மாலை ஆறரை மணி. வெற்றிலை பாக்கோடு முன்பணத்தைத் தட்டில் வைத்து நீட்டியபோது, அறையில் எத்தனை பேர் உட்காரலாம் என்றுதான் முதலில் கேட்டார். அறுபது பேர், எல்லாரும் ஜமக்காளத்தில், கடைசி வரிசையில் இருப்பவருக்கும் உங்கள் முகம் தெரியும் என்றேன். கோயில் கொடை விழாவில் விடிய விடியப் பாடும்போது கூட்டத்தில் பாதி கண் அயர்ந்துவிடும், அந்நேரம் பாடகரும் சற்று மூச்சு வாங்கிக்கொள்ளலாம், அறுபது பேரும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தால் எங்கே மூச்சு வாங்குவது என்று யோசனையோடு சொன்னார். இந்தக் கேள்வியை இதுவரை எங்கள் மாடிக்கு வந்து பாடிய எவரும் கேட்டதில்லை.

அக்டோபர் 10

மைக் வைப்பதா, வேண்டாமா?

அக்டோபர் 14

எந்தக் கதை என்பது முடிவாகிவிட்டது, ஆனால் மனம் அமைதியாக இல்லை. சுடலைமாடன் கதையைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். சிறு வயதில் கொடையில் கேட்டு, உடுக்கையின் நடை வேகமெடுக்கும் இடத்தில் பாட்டியின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்ட கதை அது. புலவர் மறுத்துவிட்டார். சாமியின் பிறப்பு, வளர்ப்பு என்று பாடிக்கொண்டே போனால் வரத்துப் பாட்டில் வந்து நிற்க வேண்டும், அதைப் பாடினால் தெய்வம் இறங்க வேண்டும், இறங்குவதற்கு அங்கே பீடமும் இல்லை, சாமியாடியும் இல்லை என்றார். “வரத்துப் பாட்டு மட்டும் கேக்காத எம்மா. சாமி வந்துட்டா அங்கன யாரு மலையேத்துறது?” என்று அவர் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு பகுதியை மட்டும் விட்டுவிட்டு மீதியைப் பாடலாமே என்று உடன் வந்த நண்பர் சொன்னதற்கு, புலவர் பேசாமல் வில்லிலிருந்த மணிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

முத்துப்பட்டன் கதை பாடுகிறேன் என்று பிறகு அவராகவே சொன்னார். அந்தணர் குலத்தில் பிறந்த பட்டன் பொம்மக்கா, திம்மக்கா என்னும் சக்கிலியர் குலச் சகோதரிகள் மீது காதல் கொண்டதும், அவர்களுடைய தந்தை சொன்னபடி குடுமியையும் பூணூலையும் களைந்து, தோல் வெட்டிச் செருப்புத் தைக்கக் கற்றுக்கொண்டதும், மணமான இரவே மாடு திருட வந்தவர்களோடு போரிட்டு மாண்டதும் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. அங்கே பட்டவராயன் என்ற பெயரில் தெய்வமாகிவிட்ட பட்டனுக்குச் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அந்தச் செருப்பு ஏன் அங்கே தொங்குகிறது என்பதைக் கதையாகச் சொல்ல எந்த இடமும் தகும் என்பது அவருடைய கணக்கு. எனக்கும் அது சரியாகப் படுகிறது. ஆனாலும் அவர் மறுத்ததுதான் இரவு முழுவதும் நினைவில் நிற்கிறது. கோயில் களத்திலிருந்து ஒரு கலையை அறைக்குள் கொண்டுவருகிறோம் என்று துண்டறிக்கையில் பெருமையோடு அச்சிடுகிறோம். எதைக் களத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும் என்பதைப் பாடுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அக்டோபர் 18

மழை பிடித்துக்கொண்டது. ஈரக்காற்றில் தோல் தளரும். பறை நிகழ்ச்சியன்று கீழே முற்றத்தில் பனையோலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சி, மாடிக்குக் கொண்டுவந்து இரண்டு உருப்படி அடிப்பதற்குள் சுருதி இறங்கிவிட, மறுபடியும் கீழே ஓடினார்கள். உடுக்கைக்கு அத்தனை பாடு இருக்காது, இடுப்புக் கயிற்றை இறுக்கிப் பிடித்தே சரிக்கட்டிக்கொள்ளலாம் என்று உடுக்கைக்காரர் தொலைபேசியில் சொன்னார். அவர் குரலில் இருந்த உறுதி எனக்கு வரவில்லை.

அக்டோபர் 22

புலவருக்குச் சளி நெஞ்சில் கட்டிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள்.

அக்டோபர் 23

அழைப்பு எதுவும் வரவில்லை.

அக்டோபர் 24

பேத்திதான் பேசினாள். காய்ச்சல் குறைந்திருக்கிறது, மூச்சு இன்னும் இழுக்கிறது. “தாத்தா பேசக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க, அத்தை. ஆனா அடுத்த படுக்கைக்காரருகிட்ட கதை சொல்லிக்கிட்டுதான் இருக்காரு” என்றாள். நிகழ்ச்சியைத் தள்ளி வைக்கலாம் என்றேன். அந்தச் சொல் தாத்தா காதுக்குப் போகவே கூடாது என்று பதறினாள்.

அக்டோபர் 27

காத்திருக்கும் நேரத்தில் மாடிப்படியை அளந்து பார்த்தேன். வில்லைச் சாய்த்துக்கொண்டு படி ஏறலாம், திருப்பத்தில்தான் இடிக்கும். வைரம் பாய்ந்த பனையில் இழைத்த வில், வளையாது. நாணை அவிழ்த்துவிட்டாலும் நீளம் குறையப்போவதில்லை. தெருப்பக்கத்து ஜன்னல் வழியாகக் கயிறு கட்டி ஏற்றிவிடலாம் என்று கீழ்வீட்டு அண்ணன் சொல்கிறார்.

அக்டோபர் 30

மீண்டும் மைக். இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

வில்லுப்பாட்டில் ஒரே நேரத்தில் எத்தனை ஒலிகள் எழுகின்றன என்பதைக் கூம்பு ஒலிபெருக்கியில் மட்டுமே கேட்டு வளர்ந்தவர்கள் அறிய வாய்ப்பில்லை. வீசுகோல் நாணில் விழும்போது வில் முழுவதும் அதிர்ந்து மணிகள் குலுங்குகின்றன. வைக்கோல் புரிமணையில் உட்கார்ந்திருக்கும் குடத்தின் வாயில், பாளையில் செய்த தட்டுமட்டையான பத்தை அறைய, உள்ளே அடைபட்ட காற்று அடிவயிற்றிலிருந்து வருவதுபோல முழங்குகிறது. உடுக்கையின் கயிற்றை இறுக்கித் தளர்த்தும்போது ஒலி அழுவதுபோல ஏறி இறங்குகிறது. இவற்றுக்கு நடுவே ஜால்ராவும் கட்டையும் நடையைப் பிடித்துவைக்கின்றன. ஒலிபெருக்கியில் மணியும் ஜால்ராவும் மட்டும் காதைக் குத்தும். குடத்தின் கீழொலி எங்கோ போய்விடும். எங்கள் அறையின் கூரை தேக்கு உத்திரமும் மட்டப்பாவும் ஆனது. சென்ற மாதம் மகுடம் என்னும் தோல்கருவியைக் கேட்டபோது, உச்ச மகுடமும் மந்த மகுடமும் ஒன்றுக்கொன்று கேள்வி கேட்டுப் பதில் சொல்வதை அத்தனை தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை. அந்த அறையில் குடத்தைக் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தத் தொடரில் வில்லுக்கு இடம் கேட்டு நண்பர்களோடு அத்தனை வாதாடினேன்.

ஆனால் நோயிலிருந்து எழுந்துவரும் ஒரு மனிதரிடம் குடத்துக்கும் உடுக்கைக்கும் மேலே குரலை எழுப்பிப் பாடுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? குரலுக்கு மட்டும் ஒரு மைக், அதுவும் மிகத் தாழ்த்தி? அப்போது குரல் ஒரு மூலையிலிருந்தும் வில் இன்னொரு மூலையிலிருந்தும் வரும்; பாடுகிறவரும் இசைக்கிறவர்களும் பிரிந்துவிடுவார்கள். முடிவு எடுக்க முடியாமல் விளக்கை அணைக்கிறேன்.

நவம்பர் 3

வீட்டுக்கு வந்துவிட்டார். போய்ப் பார்த்தேன். மெலிந்திருக்கிறார், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடுகிறார், கண் மட்டும் பழையபடியே இருக்கிறது. பேத்தியை உட்காரவைத்துப் பின்பாட்டு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இடப்பக்கத்தில் அவளும் குடக்காரரும் வாங்கிப் பாடினால் தனக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும் என்பது அவருடைய ஏற்பாடு. பெண் பிள்ளையை வில்லடியில் உட்காரவைக்கலாமா என்று உறவினர் ஒருவர் முணுமுணுத்திருக்கிறார். புலவர் அவருக்கு ஒரே பெயரைப் பதிலாகச் சொன்னாராம்: பூங்கனி. கன்னியாகுமரிப் பக்கத்துக் கொடைகளில் வில்லின் தலைமையில் அமர்ந்து பாடி, 2018-இல் மறைந்த அந்த அம்மையாரை நான் நேரில் கேட்டிருக்கிறேன், வீசுகோலைச் சுழற்றி நாணில் இறக்கினால் களம் எழுந்து உட்காரும் என்றார்.

நவம்பர் 4

அவள் பாடியது காதை விட்டுப் போகவில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல, ஒவ்வொரு அடியையும் தாத்தாவின் உதட்டைப் பார்த்தே எடுக்கிறாள்.

நவம்பர் 8

தொண்ணூறு நிமிடம் என்று நாங்கள் வகுத்திருக்கும் எல்லையைப் பற்றி நண்பர்களோடு இன்று நெடுநேரம் பேசினோம். வில்லைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோவது புதிதன்று. சுப்பு ஆறுமுகம் ஐயா அதைச் சென்னை மேடைகளுக்கும் வானொலிக்கும் கொண்டுபோய், காந்தி கதை வரை பாடியவர். பத்மஸ்ரீ 2021-இல் கிடைத்தது, மறு ஆண்டு மறைந்தார். அவர் தம் நிகழ்ச்சிகளைக் குறுகிய நேரத்துக்கென்றே தாமாக ஆக்கிக்கொண்டார். எங்கள் புலவரோ இரவு முழுவதும் விரியும் கதையைக் குருவிடம் அடி அடியாக வாங்கியவர். கேட்கிறவர்களின் வசதிக்காக அவருடைய கதையை நறுக்கும் உரிமையை யார் எங்களுக்குக் கொடுத்தது? நேரத்தை அவரிடமே விட்டுவிடுவோம் என்று நான் வற்புறுத்தினேன். எட்டேகாலுக்குக் கடைசிப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள் என்று பதில் வந்தது. அதுவும் மெய்தான்.

நவம்பர் 12

மூச்சு இன்று இழுக்கவில்லையாம். மழையும் விட்டிருக்கிறது.

நவம்பர் 14

வில் ஜன்னல் வழியாக ஏறிவிட்டது. மைக் இல்லை. புலவரே சொல்லிவிட்டார்: “எனக்காக வேண்டாம். என் குரல் கேக்கணும்னா அடிக்கிறவங்க மெதுவா அடிப்பாங்க.”

நவம்பர் 16

நேற்று பாடினார். காப்புப் பாடலில் குரல் கரகரத்து இரண்டு முறை நின்றது. அந்த இரண்டு முறையும் பேத்தி அடியை எடுத்துக்கொண்டாள். பட்டன் காட்டுவழியில் அக்காள் தங்கையின் பாட்டைக் கேட்கும் இடத்துக்கு வந்தபோது குடக்காரர் பத்தையை வைத்துவிட்டு வெறும் விரலால் தட்டினார். பத்தடி தள்ளி அமர்ந்திருந்த எனக்கு அந்த விரல் மண்ணில் படும் சத்தமும் கேட்டது. பூணூலை அறுத்தெறியும் இடத்தில் வீசுகோல் இறங்கிய வேகத்தில் முன்வரிசைக் குழந்தை திடுக்கிட்டு நிமிர்ந்தது, யாரும் அசையவில்லை. கண் கொட்டாமல் பார்க்கும் அறுபது பேருக்கு முன்னால் அவர் மூச்சு வாங்கினார், நாங்கள் காத்திருந்தோம். அந்த இடைவெளிகளில் உடுக்கை மட்டும் மிகத் தாழ்வாகப் பேசிக்கொண்டிருந்தது.

திருமணத்தோடு எட்டு மணிக்கு வாழி பாடி முடித்தார்கள். கீழே இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, பட்டனை மணவறையிலேயே உட்காரவைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் தூக்கம் வராது, அவன் சாவையும் பாடி முடித்தால்தான் கதை கழியும் என்றார். வில்லை ஏற்றியது ஏற்றியபடியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார். அடுத்த சனிக்கிழமை அறை வேறொருவருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கிடைக்குமா என்று வீட்டுக்காரரிடம் காலையில் கேட்க வேண்டும். குடக்காரருக்கு அன்று வேலைநாளா என்பதையும்