37 டிகிரியில் ஒரு குப்பி இரத்தம்

ஜனவரி 9

கணுக்காலைச் சுற்றி மூன்றாவது முறையாகச் செந்நீலப் புள்ளிகள் தோன்றியிருக்கின்றன. தடவினால் சிறு மேடுகளாகத் தட்டுப்படுகின்றன. கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் நிறம் வெளுக்கவில்லை. வெளுக்காவிட்டால் இரத்தம் குழாயை விட்டு வெளியே கசிந்துவிட்டது என்று பொருள் என விளக்கிய தோல் மருத்துவர், பயாப்சிக்காகச் சிறிது தோலை எடுத்தார். குளிர்ந்த அறையில் இருந்த நாட்களில் புள்ளிகள் அதிகமாகின்றன என்று நான் சொன்னதை மட்டும் அடிக்கோடிட்டுக் குறித்துக்கொண்டார்.

ஜனவரி 20

சிறு இரத்தக்குழாய்களின் சுவரில் அழற்சி இருப்பதாக பயாப்சி சொல்கிறது. கூடவே எடுத்த இரத்தப் பரிசோதனையில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் தென்பட்டிருக்கிறது. எனக்கு மஞ்சள் காமாலை வந்ததாக நினைவே இல்லை, பெரும்பாலோருக்கு அப்படித்தானாம். சிறு வயதில் ஓர் அறுவை சிகிச்சையின்போது எனக்கு இரத்தம் ஏற்றினார்கள். இந்த வைரஸ் அடையாளம் காணப்பட்டதே 1989இல்தான் என்பதால், அன்று யாரும் அதைச் சோதித்திருக்க வழியில்லை.

பிப்ரவரி 2

கிரையோகுளோபுலின் பரிசோதனை 'இல்லை' என்று வந்ததை வாதநோய் மருத்துவர் ஏற்கவில்லை. இரத்தத்திலுள்ள இந்தப் புரதங்கள் உடல் வெப்பத்துக்குக் கீழே குளிர்ந்தால் படிந்துவிடும். ஆகவே மாதிரியை எடுத்த கணத்திலிருந்து, இரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீரான சீரம் பிரியும்வரை 37 டிகிரியிலேயே வைத்திருக்க வேண்டும். என் குப்பியோ சாதாரணத் தட்டில் வெகுநேரம் கிடந்ததை நானே பார்த்தேன். தேடிய பொருள் உறைந்த இரத்தத்தோடு சேர்ந்து குப்பியின் அடியில் தங்கிவிட, மேலே தெளிந்த சீரத்தைச் சோதித்துவிட்டு 'இல்லை' என்று எழுதியிருக்கிறார்கள். இன்று வெந்நீர்க் குடுவையில் வைத்து எடுத்துச் சென்றார்கள்.

பிப்ரவரி 11

பிரித்த சீரத்தை 4 டிகிரியில் ஒரு வாரம் வைத்ததில் வெண்ணிறப் படிவு இறங்கியிருக்கிறது; அதுதான் கிரையோகுளோபுலின். சி4 என்னும் புரதமும் மிகக் குறைந்திருக்கிறது.

நடந்தது இதுதான் என்று எனக்குப் புரிகிறது: வைரஸ் ஆண்டுக்கணக்கில் உடலை விட்டுப் போகாததால், கிருமிகளைப் பற்றும் புரதங்களான ஆன்டிபாடிகளைச் செய்யும் பி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் ஓயாமல் தூண்டப்பட்டு, ஒரு கட்டத்தில் வைரஸுக்கு எதிராக அல்லாமல் என்னுடைய மற்ற ஆன்டிபாடிகளையே பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியைத் தயாரிக்கத் தொடங்கிவிட்டன. இவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்ட திரள்கள், இரத்த ஓட்டம் மந்தமாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கும் கால்களின் நுண்குழாய்ச் சுவர்களில் படிகின்றன. அவற்றை அகற்ற வரும் சி4 முதலிய புரதங்கள் அங்கேயே செலவழிய, பின்னால் வரும் வெள்ளணுக்கள் சுவரையும் சேர்த்துச் சிதைக்கின்றன. 'உடல் தன்னையே தாக்குகிறது' என்று எல்லோரும் சொல்லும் விளக்கம் எனக்குப் பாதி உண்மையாகவே படுகிறது. என் குழாய்களை யாரும் குறிவைக்கவில்லை; படிவு அங்கே இறங்கியதால் அவை அடிபடுகின்றன.

பிப்ரவரி 18

சிறுநீரில் புரதம் இல்லை, பாதங்களில் மரத்துப்போதலும் இல்லை என்பதால் அழற்சியைத் தணிக்கும் ஸ்டீராய்டு இப்போது வேண்டாம் என்று முடிவானது. சிறுநீரகமோ நரம்போ கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தும் வேண்டியிருக்கும். ஆனால் அதை மட்டும் கொடுத்தால் அழற்சி தணியும், வைரஸுக்கோ கொண்டாட்டம். ஹெபடைட்டிஸ் பி தூண்டும் நடுத்தரத் தமனிகளின் அழற்சியிலும் இதே அனுபவம்தான் என்றார் மருத்துவர். அங்கேயும் ஸ்டீராய்டைச் சில வாரங்களில் நிறுத்தி, வைரஸ் மருந்தைத் தொடர்கிறார்களாம். எனக்கு வைரஸ் மாத்திரை மட்டும், 12 வாரங்கள். இன்று முதல் மாத்திரை.

மே 13

கடைசி மாத்திரை. ஏப்ரலில் ஒரு முறை மட்டுமே புள்ளிகள் வந்தன.

ஆகஸ்ட் 8

மருந்தை நிறுத்தி 12 வாரங்கள் கழித்து எடுத்த இரத்தத்திலும் வைரஸ் இல்லை. இதைத்தான் குணம் என்கிறார்கள். சி4 சற்று ஏறியிருக்கிறது. கிரையோகுளோபுலின் மட்டும் குறைந்த அளவில் இன்னும் இருக்கிறது. தூண்டிய வைரஸ் போனாலும், அது பழக்கிவிட்ட பி செல்கள் பல மாதங்களுக்கு, சிலருக்கு ஆண்டுகளுக்கும், அதே வேலையைத் தொடரக்கூடுமாம். இன்று காலை இடது கணுக்காலில் இரண்டு புள்ளிகள் இருந்தன. டம்ளரை வைத்து அழுத்திப் பார்த்தேன்; வெளுக்கவில்லை.