கல்லா, டைல்ஸா: குளியலறைத் தரைக் குறிப்புகள்

2025 பிப்ரவரி 3, திங்கள்

கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004-இல் கட்டிய வீடு இது. குளியலறையில் அன்று பதித்த பளபளப்பான வெள்ளை டைல்ஸ்தான் இன்றும் கிடக்கிறது. போகியன்று அம்மா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு பிசகிக்கொண்டார்; எலும்பு முறியவில்லை என்பதே பெரிய ஆறுதல். தரையை மாற்றிவிடுவது என்று இன்று முடிவாயிற்று. ஐந்தடிக்கு ஏழடி, மொத்தம் முப்பத்தைந்து சதுர அடிதான். அதற்கே வீட்டில் மூன்று கருத்துகள்: மனைவிக்கு மார்பிள் பிடிக்கும், அம்மாவுக்குப் பழைய சிமெண்டுத் தரை போதும், எனக்கோ சொந்த ஊர் அபிமானத்தால் கிரானைட்.

பிப்ரவரி 5, புதன்

மார்பிளின் கதை இன்று முடிந்தது. கடையில் கேட்டு வாங்கி வந்த உள்ளங்கையளவுத் துண்டின்மேல் எலுமிச்சைச் சாற்றை நான்கு சொட்டு விட்டேன். ஓரங்களில் ஊசிமுனைக் குமிழிகள் எழுந்தன. அரைமணி கழித்துத் துடைத்தபோது, பளபளப்பான கல்லின் நடுவே மங்கிய வட்டம் ஒன்று நிரந்தரமாக நின்றுவிட்டது. மார்பிள் அடிப்படையில் சுண்ணாம்புக் கல். அமிலம் அதை அரிக்கும். எங்கள் போர் தண்ணீரிலோ உப்பு அதிகம். புது வாளியில்கூட ஒரே மாதத்தில் வெள்ளைப் படிவு கட்டிவிடுகிறது, அதைப் போக்க ஆசிட் ஊற்றித் தேய்ப்பதுதான் எங்கள் தெருவில் எல்லா வீட்டு வழக்கமும். கடப்பாக் கல்லும் சுண்ணாம்பு வகையே என்பதால் அதையும் சேர்த்தே கழித்துவிட்டோம். மனைவி அந்த வட்டத்தை விரலால் தடவிப் பார்த்தாரே தவிர, மேற்கொண்டு பேசவில்லை.

பிப்ரவரி 8, சனி

பர்கூர் சாலையோரம் உள்ள கிரானைட் பட்டறை ஒன்றுக்கு அம்மாவையும் அழைத்துச் சென்றேன். கப்பலேறி வெளிநாடு போகும் பாரடைசோ கல் இந்தப் பக்கத்தில் வெட்டப்படுவதுதான். ஊதாவும் சாம்பலும் அலையலையாகக் கலந்த அதன் வெட்டுத் துண்டுகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. பாலிஷ் போட்ட துண்டில் தண்ணீரும் சோப்புத் தூளும் தெளித்து, அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டார். எங்கள் பழைய டைல்ஸுக்கும் அதற்கும் வேறுபாடே இல்லை.

அடுத்து நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கல்லைக் காட்டினார்கள். கிரானைட்டில் உள்ள குவார்ட்ஸ் 573 டிகிரி செல்சியஸில் திடீரென விரிவதால், மேல்தோல் சிறு செதில்களாகத் தெறித்துவிடுகிறது. அதன்மேல் கால் வழுக்கவே இல்லை. ஆனால் அம்மா இரண்டடி நடந்துவிட்டு, “குதிகால் வெடிப்புல மாட்டுதுடா” என்றார். குழிகளில் சோப்பும் உப்பும் அடைந்தால் யார் தேய்ப்பது என்பது என் மனத்தில் ஓடிய கேள்வி. வாசற்படிக்கும் போர்ட்டிகோவுக்கும் அது அருமையான கல். குளியலறைக்கு வேண்டாம் என்று மனமில்லாமல் ஒதுக்கினேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மேஸ்திரி வந்து பார்த்தார். பழைய தரையின்மேலேயே ஒட்டினால் செலவு மிச்சம் என்று நான் நினைத்திருந்தேன். அவர் மூலையில் ஒரு சொம்பு தண்ணீரைக் கொட்டினார். அது வடிகாலுக்குப் போகாமல் கதவுப் பக்கம் வந்து நின்றது. “வாட்டமே தப்பா இருக்குங்க சார், மேல எதைப் போட்டாலும் தண்ணி இங்கதான் நிக்கும்” என்றார். வாட்டம் என்று அவர் சொன்னது தரையின் சரிவை. இருபது ஆண்டுகளாக அம்மா நின்று துவைத்த இடம் அதுதான். உடைப்பதைத் தவிர வழியில்லை.

பிப்ரவரி 15, சனி

டைல்ஸ் கடையில் இரண்டு மணி நேரம். கண்ணாடிபோல் இறுகச் சுட்ட விட்ரிஃபைடு வகை நீரை அரை சதவீதத்துக்குமேல் உறிஞ்சாது, சுவருக்கான செராமிக் பத்து சதவீதத்துக்கு மேலும் உறிஞ்சும் என்று படித்திருந்ததால், இரண்டையும் கவிழ்த்துப் போட்டு முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுவர் டைல்ஸ் சற்று நேரத்தில் அதைக் குடித்துவிட்டது; விட்ரிஃபைடில் சொட்டு முத்துப்போல் நின்றது. விற்பனையாளர் பெட்டியில் இருந்த ஆர்-10 என்ற எண்ணைப் பெருமையாகக் காட்டினார். தரை எவ்வளவு வழுக்காது என்பதைக் காட்ட ஆர்-9 முதல் ஆர்-13 வரை போகும் அந்த அளவு, எண்ணெய் தடவிய சரிவில் காலணியோடு நடந்து பார்த்துக் கணித்தது. வெறுங்காலுக்கு ஏ, பி, சி என்று வேறு தரம் உண்டு. அது எந்தப் பெட்டியிலும் இல்லை. ஆகவே அம்மாவின் பாதத்தையே மீண்டும் நம்பினோம்.

கடைசியில் ஓரடிச் சதுர விட்ரிஃபைடு டைல்ஸ், பளபளப்பில்லாத மேட் வகை, மணல் நிறம். இரண்டடித் துண்டுகள் பார்க்க அழகுதான். ஆனால் ஐந்தடி அகலத்தில் நாலு பக்கமும் வாட்டம் கொடுக்க அவற்றை மூலைவிட்டமாக அறுக்க வேண்டியிருக்கும். கறுப்பில் உப்புப் படிவு பளிச்சென்று தெரியும் என்பதால் அதைத் தொடவே இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

உடைப்பு முடிந்தது. வாட்டர் புரூஃபிங் பூசிக் காய்ந்தபின், கசிவு இருக்கிறதா என்று பார்க்க வடிகாலை அடைத்துத் தண்ணீர் கட்டியிருக்கிறோம். இரண்டு நாள் நிற்க வேண்டும்.

பிப்ரவரி 24, திங்கள்

ஏழடி நீளத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம் வாட்டம் வேண்டும் என்று கேட்டேன். மேஸ்திரி ரசமட்டத்தை வைத்து, குமிழி கோட்டைத் தாண்டுவதைக் காட்டினார். நீரை உறிஞ்சாத டைல்ஸைச் சிமெண்டுப் பால் சரியாகப் பிடிக்காது என்பதால் ஒட்டுப் பசைதான். டைல்ஸ் இணைப்புகளை அடைக்க எபாக்ஸி என்னும் பிசின் கலவை. வெள்ளைச் சிமெண்டே போதும் என்று அவர் வாதாடினார். ஆசிட் ஊற்றும் வீட்டில் அது எத்தனை மாதம் தாங்கும் என்று கேட்டதும் விட்டுவிட்டார்.

மார்ச் 1, சனி

அம்மா இன்று காலை முதன்முறையாகக் குளித்தார். சுவரைப் பிடிக்காமல் வெளியே வந்தார். நானும் ஒரு சொம்பு கொட்டிப் பார்த்தேன். தண்ணீர் வடிகாலை நோக்கியே ஓடியது, குழாயின் அடியில் மட்டும் ஒரு ரூபாய் நாணயமளவு தேங்குகிறது. மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறேன், திங்களன்று வருவார். பாரடைசோவில் ஒரு வெட்டுத் துண்டு வாங்கிக் குளியலறை வாசலில் பதித்திருக்கிறோம். அவ்வளவுதான் என் பங்கு கிரானைட்.