"யாரோட சைக்கிள்டா இது?"

ஆங்கிலத் திறனை அளக்கும் ஐஇஎல்டிஎஸ்ஸின் பேச்சுத் தேர்வில் முதல் முறை எனக்கு வந்தது 6. தேவைப்பட்டது 6.5. இந்த மதிப்பெண்ணுக்கு 'பேண்டு' என்று பெயர். அரை பேண்டுதானே என்பவர்கள் அந்த அரைக்காக இன்னொரு முறை பணம் கட்டிப் பார்க்க வேண்டும்.

அன்று முதல் பகுதியிலேயே சைக்கிளைப் பற்றிக் கேட்டார்கள். உள்ளுக்குள் கொண்டாட்டம், நான் உருப்போட்டு வைத்திருந்த தலைப்பு அது. சைக்கிள் இருக்கிறதா என்று தேர்வாளர் கேட்டதும், சுற்றுச்சூழலுக்கு உகந்தது, உடம்புக்கு நல்லது, எரிபொருள் மிச்சம் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அடுத்து, கடைசியாக எப்போது ஓட்டினீர்கள் என்றார். வாயடைத்துப் போனேன். இத்தனைக்கும் முந்தைய நாள் மாலைதான் ஓட்டியிருந்தேன்.

மறுபடி தயாரானபோது என் பதில்களை போனில் பதிவு செய்து அக்காவிடம் கொடுத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "யாரோட சைக்கிள்டா இது?" என்றாள். அதில் எந்தச் சைக்கிளும் இல்லை, ஒரு பள்ளிக் கட்டுரைதான் இருந்தது. போதாததற்கு ஒவ்வொரு பதிலும் 'ஆக்சுவலி'யில் ஆரம்பித்தது.

இந்தத் தேர்வு மொத்தம் 11 முதல் 14 நிமிடம். முதல் பகுதிக்கு 4, 5 நிமிடம்தான். சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என்ற நான்குக்கும் சம மதிப்பு. கருத்து எவ்வளவு உயர்ந்தது என்று அளக்க யாரும் இல்லை. சைக்கிளே இல்லை என்று சொன்னாலும் ஒன்றும் குறையாது, ஏன் இல்லை என்று இரண்டு வாக்கியம் பேசினால் போதும். இது தெரியாமல் உலகத்தைக் காப்பாற்றப் போயிருக்கிறேன்.

சரி என்று என் சொந்தச் சைக்கிளைப் பற்றியே பேச ஆரம்பித்தேன். அப்போதுதான் நிஜமான தப்புகள் வெளியே வந்தன. முதல் வாக்கியமே 'ஐ ஆம் ஹேவிங் எ சைக்கிள்'. 'வைத்திருக்கிறேன்' என்று மனதுக்குள் ஓடுவதால் வருகிற வினை இது. வெறும் 'ஐ ஹேவ்' போதும். 'ஆறு வருடமாக' என்பதை 'சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்' என்றேன். 'ஐ ஹேவ் ஹேட் இட் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்' என்று திருத்தினாள் அக்கா. நமக்குக் கார், பஸ், சைக்கிள் எல்லாமே 'ஓட்டுவது'தான். ஆங்கிலத்தில் காருக்கு 'டிரைவ்', சைக்கிளுக்கு 'ரைட்'. உச்சரிப்பிலும் ஓர் அடி: நான் 'பைசைக்கிள்' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது 'பைசிக்கிள்', அழுத்தம் 'பை'யில்.

சொல்வளம் என்றால் பெரிய வார்த்தை என்று நினைத்திருந்தேன். என் சைக்கிளுக்குத் தேவைப்பட்டவை எல்லாம் சின்ன வார்த்தைகள். செயின் கழன்றால் 'த செயின் கேம் ஆஃப்'. காற்றடிப்பது 'பம்ப் அப் த டயர்ஸ்'. பஞ்சரானால் 'ஐ காட் எ பஞ்சர்', 'மை சைக்கிள் பிகேம் பஞ்சர்' இல்லை. பிரேக் கிறீச்சிடுவதற்கு 'ஸ்க்வீக்'. இதில் எதையும் மனப்பாடம் செய்யவில்லை. தினமும் காதில் விழுகிற சத்தத்துக்குப் பெயர் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

மாட்டிக்கொண்ட இடம் குரங்குப் பெடல். சிறுவயதில் எப்படிக் கற்றீர்கள் என்ற கேள்விக்கு அதைச் சொல்லாமல் எப்படி? 'மங்கி பெடல்' என்றேன், அக்கா சிரித்து உருண்டாள். பிறகு நிதானமாக விவரித்துப் பார்த்தேன். சைக்கிள் பெரியது, சீட் எட்டாது, அதனால் ஒரு காலை பிரேமுக்கு நடுவே விட்டு, உடம்பைச் சாய்த்து அரைச்சுற்றாக மிதிப்பேன், 'ஐ யூஸ்ட் டு' என்று ஆரம்பித்துச் சொல்லி முடித்தபோது நாலு வாக்கியம் ஆகியிருந்தது. இறந்தகாலம், காரணம், ஒப்பீடு எல்லாம் தானாகவே வந்து உட்கார்ந்திருந்தன. இலக்கணத்தைக் காட்டிக்கொள்ள நான் தனியாக எதுவும் செய்யவில்லை.

அதன்பின் ஒரு பதிலுக்கு மூன்று நாலு வாக்கியம் என்று வைத்துக்கொண்டேன். நேரான பதில், அதற்கு ஒரு காரணம், நடந்த ஒரு விஷயம். எழுதி வைத்துப் படிக்கவில்லை. ஒரே கேள்விக்குத் தினமும் வேறு சம்பவம் சொல்வேன். அதனால் ஒப்பிக்கும் குரல் போய்விட்டது. நடுவில் தடுமாறினால் அப்படியே திருத்திக்கொண்டு போவேன். தேர்வாளர் குறுக்கிட்டு அடுத்த கேள்விக்குப் போனால் பதறக் கூடாது என்பதையும் பழகிக்கொண்டேன். அவருக்கு நேரம் கணக்கு.

இரண்டாவது முறை உள்ளே போய் உட்கார்ந்தேன். சைக்கிள் வரவேயில்லை, மழையைப் பற்றிக் கேட்டார்கள். ஒரு நொடி திக்கென்றது. அப்புறம், மழையில் பிரேக் பிடிக்காமல் நான் வேலியில் போய் மோதிய கதையைச் சொன்னேன். 'ஸ்க்வீக்' கூட அதில் வந்தது. முடிவு வந்தபோது 6.5. அக்காவிடம் சொன்னேன். "மங்கி பெடல் சொன்னியா?" என்றுதான் கேட்டாள்.