ஈறில் ரத்தம், சர்க்கரை 8.4

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் வருவது எனக்கு நாலைந்து வருடமாக உண்டு. பிரஷ்ஷை மாற்றினேன், பேஸ்ட்டை மாற்றினேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், வலி இல்லாததால் அப்படியே விட்டுவிட்டேன். போன வருடம் மாத்திரை, நடை, சாப்பாடு எல்லாம் ஒழுங்காக இருந்தும் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.4 சதவீதத்தை விட்டு இறங்கவில்லை. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன்னால் சர்க்கரை டாக்டர் கேட்டார், "பல்லைக் காட்டி எத்தனை வருஷம் ஆச்சு?"

பல் டாக்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடத்தில் ஆழம் பார்த்துச் சொல்லச் சொல்ல, உதவிக்கு இருந்த பெண் எழுதிக்கொண்டே வந்தார். மூணு, நாலு, ஆறு, ஆறு, அஞ்சு. 3 மில்லிமீட்டர் வரை சரியாம். அதற்கு மேல் என்றால் ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆகியிருக்கிறது. காற்றுப் புகாத அந்தப் பைக்குள்தான் போர்பைரோமோனாஸ் ஜிஞ்ஜிவாலிஸ் போன்ற கிருமிகள் குடியிருக்கின்றன. அவற்றோடு உடம்பு ஓயாமல் சண்டை போட, அந்த அழற்சியில் உண்டாகும் பொருட்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடுவதில்லை. சர்க்கரை ஏறினால் ஈறு இன்னும் கெடும். இத்தனை வருடம் இதை யாரும் எனக்குச் சொல்லவில்லையே என்றுதான் முதலில் தோன்றியது.

ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் போதாதா என்று கேட்டேன். வேரில் கல்லாக ஒட்டியிருக்கும் காரையைச் சுரண்டி எடுக்காமல் மாத்திரை மட்டும் போட்டுப் பயனில்லை, குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாகும் என்று மறுத்துவிட்டார்.

ஒரு வாரம் வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம், ஊசி போட்டு மரக்கவைத்துதான் காரையைச் சுரண்டி எடுத்தார்கள். வலியை விட அந்தச் சத்தம்தான் கஷ்டம். அப்புறம் இரண்டு வாரம் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே பல் கூசியது. வீக்கம் வடிந்து ஈறு சுருங்கியதில் பல்லிடுக்கெல்லாம் தெரிய ஆரம்பித்ததும் பயந்தே போனேன், அது வழக்கம்தான் என்றார்கள். இப்போது தினமும் ராத்திரி பல்லிடுக்கு பிரஷ், ஒருநாள்கூட விடுவதில்லை.

மாத்திரையை மாற்றாமலே, மூன்று மாதம் கழித்து 7.9. ஆய்வுகளிலும் சராசரியாக 0.4 அளவுக்குக் குறைகிறது என்று டாக்டர் சொன்னார். ரத்தம் நின்றுவிட்டது. கடைவாய்ப் பல் ஒன்றில் மட்டும் ஆழம் இன்னும் 5, அதற்காக அடுத்த மாதம் மறுபடி போகிறேன்.